ஐவி இலை ஏன் கருக்கிறது, நம்ம ஊர் வெயிலில் அதை எப்படிக் காய வைப்பது

குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். குன்னூரில் இருக்கும் அவருடைய ஓரகத்தி ஊருக்கு வரும்போது ஒரு பை நிறைய ஐவிக் கொடி கொண்டுவந்திருக்கிறார். வீட்டில் ஆவணியில் வளைகாப்பு. அழைப்பிதழ் நாற்பதையும் கையாலேயே செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஐவி இலையை ஒட்டிக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டு, மாமனாரின் தடித்தடியான சட்டப் புத்தகங்களுக்குள் இலைகளை வைத்து மூடிவிட்டார். பத்து நாள் கழித்துத் திறந்தால் பாதி இலை அழுகிய வெற்றிலை மாதிரி கருத்துக் கிடக்கிறது, சிலதில் வெள்ளையாகப் பூசணம். ஏன் கருத்தது, பச்சையாகவே காய வைக்க முடியுமா, கிளிசரினில் போட்டால் கெடாது என்கிறார்களே அது சரியா, அப்புறம் ஐவி விஷம் என்று பக்கத்து வீட்டு அம்மா பயமுறுத்துகிறார், அது நிஜமா என்று நாலு கேள்வி.

நான் படித்தது தாவரவியல். இப்போது வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இலை, பூ காய வைத்து அட்டை செய்யச் சொல்லித் தருகிறேன். ஐவியை நானும் கருக்கியிருக்கிறேன், அதனால் கூச்சப்பட வேண்டாம்.

முதலில் கருத்ததற்குக் காரணம். புத்தகத்துக்குள் வைத்தால் இலை காய்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். புத்தகம் இலையைத் தட்டையாக்கும், அவ்வளவுதான். காய வைப்பது காற்றும் சூடும் ஈரத்தை உறிஞ்சும் தாளும். வேப்பம்பூ மாதிரி லேசான பொருளுக்குப் புத்தகமே போதும், அதில் இருக்கிற ஈரத்தைப் பக்கங்களே குடித்துவிடும். ஐவி அப்படி இல்லை. அது குளிர் நாட்டுக் கொடி, வருஷம் முழுக்க இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்பது, பனியையும் காற்றையும் தாங்குவதற்காக இலையைத் தடிமனாக வைத்துக்கொண்டு மேலே மெழுகு பூசிக்கொண்டிருப்பது. கொடியிலிருந்து பறித்த பிறகும் அந்த மெழுகு தன் வேலையைச் செய்கிறது, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விடாது. கனமான புத்தகத்துக்கு நடுவில், காற்றே இல்லாமல், சொந்த ஈரத்திலேயே பத்து நாள் ஊறினால் கருக்காமல் என்ன செய்யும்?

என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். நான் முதல்முதலாகக் கருக்கிய ஐவியைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: "பச்சைத் தோல் வந்து இறங்கினதும் உப்பு போடணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டா முடி கையோட வரும்." இலைக்கும் அதே கணக்கு. பறித்த நிமிஷத்திலிருந்து இரண்டு விஷயம் ஓட்டப்பந்தயம் ஓடுகின்றன. ஒன்று ஈரம் வெளியேறுவது, இன்னொன்று இலை தன்னைத்தானே கெடுத்துக்கொள்வது. ஈரம் முந்தினால் பச்சை நிற்கும், பிந்தினால் கருப்பு. ஐவி விஷயத்தில் மற்ற எல்லா யோசனையும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

கெடுத்துக்கொள்வது என்றால் என்ன நடக்கிறது? நசுங்கிய செல்லிலிருந்து வெளிவரும் சாறும் காற்றும் சேரும்போது ஒரு நொதி பழுப்பு நிறத்தை உண்டாக்கும், வாழைக்காய் நறுக்கி வைத்தால் கருக்கிறதே, அந்தச் சங்கதிதான். அது போக, இலையின் பச்சையத்துக்கு நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. இலை சாகும்போது உள்ளே இருக்கும் அமிலம் அந்த மக்னீசியத்தைத் தள்ளிவிடும், உடனே பச்சை போய் ஒரு மங்கல் பழுப்புப்பச்சை வரும். கீரையைத் தட்டுப் போட்டு மூடி வேக வைக்காதே, நிறம் போயிடும் என்று நம் அம்மாக்கள் சொல்வது இதைத்தான். மூடினால் ஆவியோடு போக வேண்டிய அமிலம் பாத்திரத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அதனால் பச்சையாகவே நிற்குமா என்ற கேள்விக்கு என் பதில்: பறித்த அன்றைய பச்சை நிற்காது. ஐவி நன்றாகக் காய்ந்தால் கரும்பச்சை, கொஞ்சம் ஆலிவ் காய் நிறம், நரம்புகள் மட்டும் வெளுப்பாக. அதுவே அழகுதான். வருஷம் போகப்போக அதுவும் பழுப்பாகும். செடிகளுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸிடம் படித்த கோனிக் என்ற ஒரு வைத்தியர் 1768ல் தரங்கம்பாடிக்கு வந்தார், பிற்பாடு நம் ஆற்காட்டு நவாபிடமும் வேலை பார்த்தார், தென்னிந்தியச் செடிகளை ஓயாமல் சேகரித்தார். 1785ல் இறந்துபோனார். அவர் அழுத்திக் காய வைத்த செடிகள் இன்னமும் ஐரோப்பிய ஹெர்பேரியங்களில், அதாவது காய்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் இடங்களில், இருக்கின்றன. வடிவமும் நரம்பும் அப்படியே இருக்கும், பச்சைதான் இருக்காது. அவ்வளவு பெரிய இடங்களிலேயே அப்படித்தான் என்றால் நாம் வளைகாப்பு அட்டைக்கு வருத்தப்படத் தேவையில்லை.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்த கரைசலில் இலையை ஊற வைத்தால் பச்சை நிற்கும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். உண்மைதான், மக்னீசியம் இருந்த இடத்தில் செம்பு போய் உட்கார்ந்துகொள்ளும், அந்தப் பச்சை சீக்கிரம் போகாது, கல்லூரி மியூசியங்களில் பாட்டிலுக்குள் இருக்கும் செடிகளுக்குச் செய்வார்கள். ஆனால் அது விஷம். சமையல் பாத்திரத்தில் செய்கிற வேலை இல்லை, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

சரி, இனி செய்முறை. ஐவி இலை எல்லாமே ஒரே மாதிரி இல்லை. நுனியில் இருக்கும் இளசு வெளிர்பச்சையாக மெல்லிசாக இருக்கும், சீக்கிரம் காயும், ஆனால் சுருங்கும். அடியில் இருக்கும் முற்றினது தோல் மாதிரி, அதுதான் கருக்கும். நடுவில் இருப்பவைதான் நமக்கு: கட்டை விரல் அகலத்திலிருந்து மூன்று விரல் அகலம் வரை, மூன்று அல்லது ஐந்து மடல் தெளிவாகத் தெரிகிற இலைகள். உங்கள் பையில் மடலே இல்லாமல் அரச இலை போலச் சில இலைகள் இருந்தால் ஓரகத்தி வேறு செடியைக் கலந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஐவி வயதாகிப் பூக்கும் பருவத்துக்கு வந்த கிளைகளில் இலை வடிவமே மாறிவிடும். ஓரம் வெள்ளையாக இருக்கும் ரகம் காய்ந்த பிறகு வெள்ளைப் பகுதி பழைய தாள் நிறத்துக்கு வரும், அட்டையில் நன்றாக எடுக்கும்.

காம்பை இலையோடு ஒட்ட வெட்டாதீர்கள், ஒரு விரல்கடை விடுங்கள், காம்பு இருந்தால்தான் கொடியில் இருந்து வந்த இலை மாதிரி இருக்கும். ஆனால் காம்பும் நடுநரம்பும்தான் கடைசிவரை ஈரம் பிடித்து வைத்திருக்கும் இடம். இலையைக் கவிழ்த்துப் போட்டு, காம்பை நீளவாக்கில் பிளேடால் ஒரு கீறல். நடுநரம்பின் முதுகை மெல்லியதாகச் சீவலாம், கை பழகினால். நான் பிள்ளைகளிடம் பிளேடு கொடுப்பதில்லை, குண்டூசியால் அடிப்பக்கம் நரம்பை ஒட்டி ஏழெட்டு இடத்தில் குத்தச் சொல்வேன். மேல்பக்கம் தெரியாது, தண்ணீருக்கு வாசல் திறந்த மாதிரி.

அடுத்தது பலரும் செய்யாதது, எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம் தந்தது. கொதிக்கும் தண்ணீரில் இலையை அரை நிமிஷத்துக்கும் குறைவாக முக்கி எடுங்கள். சதைப்பற்றுள்ள செடிகளை ஹெர்பேரியத்துக்குத் தயார் செய்பவர்கள் செய்கிற பழைய வேலை இது. செல் அங்கேயே செத்துவிடும், கருக்கச் செய்யும் நொதியும் அதோடு போகும், இலை துவண்டு, ஒரு நிமிஷம் முன்பை விடப் பளிச்சென்று பச்சையாகக்கூடத் தெரியும். எடுத்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியில் பரப்பி இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். சொட்டு ஈரம்கூட வெளியில் இருக்கக் கூடாது. அந்தப் பாத்திரத்தில் அப்புறம் ரசம் வைக்க வேண்டாம், கைவேலைக்கென்று ஒரு பழைய அலுமினியச் சட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது அழுத்துவது. கீழே ஒரு பலகை, அதன் மேல் அட்டைப்பெட்டியைக் கிழித்த நெளிவு அட்டை, அதன் மேல் செய்தித்தாள் நாலைந்து, இலைகள் ஒன்றோடொன்று தொடாமல், மறுபடி செய்தித்தாள், மறுபடி நெளிவு அட்டை. அந்த அட்டைக்குள் இருக்கும் நெளிவுக் குழாய் வழியாகத்தான் காற்று போய் வரும், அதனால் பளபளப்பான கெட்டி அட்டையை வைத்தால் பிரயோஜனம் இல்லை. பளபளப்பான வார இதழ்த் தாளும் கூடாது, அது ஈரம் குடிக்காது. மேலே இன்னொரு பலகை, அதன் மேல் பாரம். பத்து கிலோ அரிசிப்பை போதும். அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

முக்கியமான வேலை இனிமேல்தான். தாளை மாற்ற வேண்டும். முதல் நாள் காலையும் மாலையும், இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஒவ்வொரு தடவை, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். எடுத்த தாளை மொட்டைமாடியில் போட்டால் நம்ம ஊர் வெயிலில் அரை மணி நேரத்தில் அப்பளமாக இருக்கும், மறுபடி அதையே வைக்கலாம். மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊரில் பிறந்ததற்கு இந்த ஒரு விஷயத்திலாவது பலன் உண்டு. குன்னூரில் இருப்பவர்கள் இதே ஐவியைக் காய வைக்க மூன்று வாரம் ஈரக்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும், நான் சித்திரையில் எட்டு நாளில் முடித்திருக்கிறேன். இப்போது வைகாசி, உங்களுக்கு இன்னும் வெயில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள், வீட்டுக்குள் தொங்கும் துணியே இரண்டு நாள் நாறும்.

இலைகளை நேராக வெயிலில் காய வைத்தால் இன்னும் சீக்கிரம் ஆகாதா என்றால், ஆகும், சுருண்டு வெளுத்துப் போகும். வெயில் தாளுக்கு, நிழல் இலைக்கு.

இரண்டு வாரம் பொறுக்க முடியாது என்றால் இஸ்திரிப் பெட்டி. தண்ணீர் ஊற்றும் ரகமாக இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், சூடு பட்டுத்துணிக்கு வைப்பதை விடக் கொஞ்சம் கூட. ஒரு நாள் பாரத்தில் தட்டையான இலையை இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து, தேய்க்காமல், மேலிருந்து அப்படியே வைத்துப் பத்து எண்ணுங்கள். எடுங்கள். தாளைத் தொட்டால் நைந்திருக்கும், அந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்கு இலையை நகர்த்தி, ஆற விட்டு, மறுபடி பத்து. நாலைந்து சுற்று ஆகும். 'சுர்ர்' என்று சத்தம் வந்தால் சூடு அதிகம். உள்ளே தண்ணீர் ஆவியாகி இலைத் தோலைக் கொப்புளமாகத் தூக்கும், ஒருதடவை கொப்புளித்தால் அந்த இலை அவ்வளவுதான். மைக்ரோவேவ் இருப்பவர்கள் இரண்டு மேற்கூரை ஓட்டுத் துண்டுக்கு நடுவில் வைத்து இருபது இருபது விநாடியாகச் செய்யலாம். என்னிடம் இல்லை, ஒரு மாணவியின் வீட்டில் செய்து பார்த்தோம், நிறம் இஸ்திரியை விட நன்றாகவே வந்தது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? விரலால் தொட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கல்லூரியில் முதல் வருஷம் நான் ஒரு தாள் நிறையச் செடி ஒட்டிக்கொண்டு போய் நின்றபோது எங்கள் ஆசிரியர் அதைக் கையில் வாங்கி, ஒன்றும் பேசாமல், காதில் போன் வைப்பது மாதிரிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பத்து விநாடி. "ஜில்லுங்குது, போய் இன்னும் நாலு நாள் வை." ஈரம் இருந்தால் அது ஆவியாகும்போது குளிரும். கன்னத்துக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருஷமாக நான் வேறு எந்தச் சோதனையும் செய்வதில்லை. ஐவியை மட்டும் கன்னத்தில் வைப்பதற்கு முன் நடுவில் ஒரு தாள் வையுங்கள், காரணம் கீழே சொல்கிறேன்.

கிளிசரின் விஷயம். வேலை செய்யும், ஆனால் உங்கள் அட்டைக்கு ஆகாது. கிளிசரின் ஒரு பங்கு, சுடுதண்ணீர் ஒரு பங்கு கலந்து, ஐவி இலைகளை முழுக்க மூழ்கும்படி போட்டு, மிதக்காமல் மேலே ஒரு தட்டு கவிழ்த்துவிட வேண்டும். நாள் கணக்கு பார்க்காதீர்கள், நிறம் பாருங்கள். இலை முழுக்க ஒரே சீராக நிறம் மாறினதும் எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி நிழலில் போடலாம். தண்ணீர் போன இடத்தில் கிளிசரின் போய் உட்கார்ந்திருக்கும், அதனால் இலை நொறுங்காது, வளைத்தால் வளையும். பதனிட்ட தோலுக்குக் கடைசியில் எண்ணெய் ஏற்றுவார்கள், அது இல்லாவிட்டால் தோல் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும், இங்கேயும் அதே தத்துவம் என்று வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். கதவுத் தோரணம், ஜாடியில் வைக்கும் கொத்து, வளையமாகக் கட்டும் அலங்காரம் இதற்கெல்லாம் கிளிசரின் ஐவிக்கு நிகர் கிடையாது. தாளில் ஒட்டினால்தான் வம்பு. கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் இலை வியர்க்கும், இலையைச் சுற்றி வடை வைத்த தாள் மாதிரி எண்ணெய்க் கறை படரும். நான் அப்படி ஒரு கல்யாண வாழ்த்து அட்டையைக் கொடுத்துவிட்டு இன்றுவரை அந்த வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்ப்பதில்லை.

விஷமா? பக்கத்து வீட்டு அம்மா சொன்னது பாதி சரி. ஐவிச் சாற்றில் ஃபால்கரினால் என்று ஒரு பொருள் இருக்கிறது, சிலருக்குத் தோலில் அரிப்பு, சிவப்பு, கொப்புளம் வரும். தொட்ட உடனே வராது, ஒருநாள் இரண்டு நாள் கழித்து வரும், அதனால் எது செய்தது என்றே பலருக்குத் தெரிவதில்லை. நிறையக் கொடி வெட்டும்போதும் காம்பைக் கீறும்போதும் கையுறை போடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இலை, காய் எதையும் வாயில் வைக்கக் கூடாது, கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீடு என்பதால் தட்டில், கேக் மேல், சந்தனக் கிண்ணத்தின் பக்கத்தில் அலங்காரமாக வைக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்து அட்டையில் ஒட்டிய இலையைத் தொடுவதற்குப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு விஷயம் கேட்கிறேன். நாற்பது அட்டைக்கும் ஐவியேதான் வேண்டுமா? ஆறு இருந்தும் தண்ணீர் இல்லை, மலை இருந்தும் மரம் இல்லை என்று கேலி பேசும் நம்ம ஊரில் ஐவி தானாக வளராது. நர்சரியில் குட்டித் தொட்டியில் விற்பார்கள், நான் இரண்டு முறை வாங்கி வைத்தேன், மாசி வரை ஜோராக இருந்தது, பங்குனியில் சிலந்திப்பேன் விழுந்து சாம்பல் பூத்து முடிந்துபோனது. ஓரகத்தி வரும்போதெல்லாம் பை நிறையக் கேட்க முடியுமா?

உங்கள் வீட்டு வேலியிலேயே இருக்கும் பாருங்கள், கோவைக்கொடி. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'ஐவி கோர்டு', இலை ஐவியை ஒத்திருக்கிறது என்றுதான் அந்தப் பெயர். சின்ன வயதில் சிலேட்டை அழிக்கத் தேய்ப்போமே, அதே இலை. உதட்டுக்கு உவமை சொல்லியே நம் புலவர்கள் பழத்தைப் புகழ்ந்து தள்ளினார்கள், இலையை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. ஐந்து கோணம் தெளிவாக இருக்கும், ஒரே கொடியில் லேசாகக் கோணிய இலையும் ஆழமாக வெட்டுப்பட்ட இலையும் கலந்து வரும், மெழுகு கிடையாது, மெல்லிசு. கொதிநீர் வேண்டாம், பிளேடு வேண்டாம், தாள் மாற்றி வைத்தால் மூன்று நாலு நாளில் காய்ந்துவிடும், ஐவியை விட நல்ல பச்சை நிற்கும். ஐவிக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு, பற்றுக்கம்பி. ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட அந்தப் பற்றுக்கம்பியோடு சேர்த்துப் பறித்து அப்படியே அழுத்துங்கள், அட்டையில் ஒரு கோடுகூட நீங்கள் வரைய வேண்டாம். ஒரே குறை, காய்ந்தபின் நொறுங்கும். கையால் எடுக்காமல் ஒரு தாள் துண்டைக் கீழே செருகித் தூக்க வேண்டும்.

இன்னும் சின்ன இலை வேண்டுமென்றால் முசுமுசுக்கை. விரல் நகம் அளவிலிருந்தே கோணல் கோணலாக அழகாக இருக்கும், சொரசொரப்பாக இருப்பதால் பசை நன்றாகப் பிடிக்கும். மணி பிளாண்ட்டைத் தொடவே வேண்டாம். ஐவி என்று சொல்லி அதைக் காய வைத்துக் கேட்பவர்கள் மாதம் ஒருவராவது வருகிறார்கள், அது முழுக்கத் தண்ணீர், சாறும் அரிக்கும், காய்ந்தால் அழுக்குப் பழுப்புத்தான்.

என் யோசனை: வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் நாலைந்து அட்டைக்கு ஐவி, மீதிக்குக் கோவை. பத்தடி தள்ளிப் பார்த்தால் உங்கள் ஓரகத்திக்கே வித்தியாசம் தெரியாது.

ஒட்டும்போது ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பல்குத்தும் குச்சியால் இலையின் முதுகில் நரம்போரம் நாலைந்து புள்ளி மட்டும். முழுக்கப் பூசினால் அந்தத் தண்ணீரே இலையை மறுபடி நனைத்துச் சுருட்டும். ஒட்டினதும் மேலே தாள் போட்டு ஒரு ராத்திரி பாரம். லேமினேஷன் செய்துவிடலாமே என்று தோன்றும், நானும் ஒருமுறை இருபது அட்டையைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தேன். சூட்டு உருளையில் போய் வந்தபோது பிரமாதமாக இருந்தன. கன்னத்தில் வைத்துப் பார்க்காமல் அவசரத்தில் எடுத்துப்போன இலைகள், உள்ளே மிச்சமிருந்த ஈரம் வெளியே போக வழியில்லை, ஒரு வாரத்தில் ஒவ்வொரு இலையைச் சுற்றியும் பழுப்பு வட்டம். ரெசினில் போட்டுச் சாவிக்கொத்து செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பிளாஸ்டிக்குக்குள் போகிற இலை எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும்.

முன்கூட்டியே செய்து வைக்கப்போகிறீர்கள் என்றால் காய்ந்த இலைகளைத் தாளுக்கு நடுவில் அடுக்கி, மூடி இறுக்கமான டப்பாவில், மருந்து பாட்டிலிலும் செருப்புப் பெட்டியிலும் வருமே அந்த சிலிக்கா பொட்டலங்கள் இரண்டு போட்டு வையுங்கள். ஒரு துண்டு வசம்பும் போடலாம், ஓலைச்சுவடிக்குப் பூச்சி வராமல் அதைத்தான் போட்டார்கள். பூச்சி அரித்த துளை தெரிந்தால் டப்பாவோடு பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீர்கள், குளிர் போகும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் இலையில் வியர்வை கோத்துக்கொள்ளும். சட்டம் போட்டு மாட்டுவதாக இருந்தால் மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம்.

கணக்கு: நாற்பது அட்டைக்கு எழுபது இலையாவது பறியுங்கள், உடைவது, சுருங்குவது, பூச்சி கடித்ததைக் கவனிக்காமல் வைத்தது என்று முப்பது போய்விடும். காலையில் பனி ஈரம் உலர்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்குப் பறிப்பது நல்லது, மதியம் என்றால் கோவை இலை வாடித் தொங்கும்.

அப்புறம், புத்தகத்தில் கருத்துப்போன அந்த ஐவி இலைகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? பூசணம் பிடித்ததைப் போட்டுவிடுங்கள், புத்தகத்தின் அந்தப் பக்கங்களையும் வெயிலில் விரித்து உலர்த்துங்கள், மாமனார் பார்ப்பதற்கு முன்னால். பூசணம் இல்லாமல் கருத்தது மட்டும் இருந்தால் இஸ்திரியில் நாலு சுற்று காட்டி எடுத்து வையுங்கள். சந்தன நிற அட்டையில் அந்தக் கருப்பு இலையை ஒட்டி நரம்பு மேல் தங்க நிற ஜெல் பேனாவால் மெல்லியதாக இழுத்தால் மையில் அச்சடித்த மாதிரி இருக்கும். என் முதல் தோல்வியில் மிஞ்சியதில் ஒன்று இன்னும் என் தையல் மெஷினுக்கு மேலே சட்டத்தில் தொங்குகிறது, வருகிறவர்கள் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அதைத்தான் கேட்கிறார்கள்.